அப்பாச்சிக்குப் பின்னால் டாம்கேட்: முதல் முறை இணைப்பவர்களுக்கு

ஜாவாவில் எழுதிய வலைச் செயலி ஒன்று உங்கள் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. உலாவியில் 8080 என்று போர்ட் எண்ணையும் சேர்த்துத் தட்டினால் திறக்கிறது. அடுத்து அதை ஒரு சேவையகத்தில் ஏற்றி, போர்ட் எண் இல்லாமல், பூட்டுச் சின்னத்தோடு (எச்டிடிபிஎஸ்), யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் திறக்கும்படி செய்ய வேண்டும். பினாங்கில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைக் கணினி வகுப்பில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நிரல் நன்றாகவே எழுதுகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பகுதியில் வேலைக்குச் சேர்ந்ததும், "இதைச் செர்வரில் போட்டுக் கொடு" என்று சொல்லும்போது கை நின்றுவிடுகிறது. வெளியே உலாவிகளுக்குப் பதில் சொல்ல அப்பாச்சி என்ற வலைச் சேவையகமும், அதன் பின்னால் ஜாவா செயலியை ஓட்ட டாம்கேட்டும் இருக்கும் அமைப்பைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கல்லூரியில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தமிழ்ப்பள்ளியின் நூலகச் செயலியை வைத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் புத்தகம் கொடுப்பதையும் திரும்ப வாங்குவதையும் அதில் பதிகிறார்கள். பெற்றோர்கள் வீட்டிலிருந்து தலைப்பைத் தேடுகிறார்கள். செயலியின் பெயர் 'நூலகம்'.

வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, டாம்கேட்டே நேரா 80-ல ஓடினா என்ன?" நியாயமான கேள்வி. எண் எதுவும் கொடுக்காத எச்டிடிபி முகவரி போவது 80-ஆம் போர்ட்டுக்குத்தான். டாம்கேட் ஜாவா செயலிகளை ஓட்டும் சேவையகம் மட்டுமல்ல, தானே உலாவியோடு பேசவும் அதற்குத் தெரியும். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்க ரூட் (முழு உரிமை கொண்ட நிர்வாகி) அனுமதி வேண்டும் என்பதைத்தான் பலர் காரணமாகச் சொல்வார்கள். அந்த உரிமையை மட்டும் தனியாகக் கொடுக்க இன்று வழி இருக்கிறது, ஆகவே அது பெரிய காரணம் அல்ல. உண்மையான காரணங்கள் வேறு. அதே கணினியில் பள்ளியின் பொது வலைத்தளம் பிஎச்பியில் ஓடும், நூலகம் ஜாவாவில் ஓடும், இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். பூட்டுக்கான சான்றிதழ் வாங்குவதும் புதுப்பிப்பதும் அப்பாச்சியில் மிக எளிது. டாம்கேட்டை நிறுத்தி மறுபடி தொடங்கும் நேரத்தில் "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லவாவது முன்னால் ஒருவர் இருப்பார்.

கட்டளை எதையும் தொடுவதற்கு முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அமைப்பில் இரண்டு உரையாடல்கள் நடக்கின்றன. உலாவி அப்பாச்சியோடு பேசுகிறது. அப்பாச்சி தனியாக டாம்கேட்டோடு பேசுகிறது. டாம்கேட்டுக்குக் கேட்பது இரண்டாவது உரையாடல் மட்டும். வெளியே என்ன பெயரில் தளம் திறக்கப்பட்டது, பூட்டு இருந்ததா, யார் கேட்டார் என்பதெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது. "இணைத்துவிட்டேன், ஆனால் ஏதோ விசித்திரமாக நடக்கிறது" என்று பிள்ளைகள் கொண்டு வரும் சிக்கல்களைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் டாம்கேட்டுக்குச் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

இங்கே உபுண்டு 24.04-ஐ வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கும் விதத்தில் தமிழில் தந்திருக்கிறேன், திரையில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் படி: டாம்கேட் மட்டும்

உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக அப்பாச்சி2, டாம்கேட்10 இரண்டையும் நிறுவுங்கள். நிறுவியாகிவிட்டது என்பதற்காக உடனே இணைக்கப் போகாதீர்கள். முதலில் டாம்கேட் தனியாக ஓட வேண்டும். உங்கள் வார் கோப்பை (செயலி முழுவதையும் ஒரே தொகுப்பாகக் கட்டிய கோப்பு) டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறையில் வையுங்கள். உபுண்டுவில் அது /வார்/லிப்/டாம்கேட்10 என்பதற்குள் இருக்கும் (இந்த வார் வேறு, ஆங்கில 'வி' எழுத்தில் தொடங்குவது). கோப்பின் பெயர் எதுவோ அதுவே முகவரிப் பாதையாகும். நூலகம் என்ற வார் கோப்பு /நூலகம் என்று திறக்கும். ரூட் என்று பெரிய எழுத்தில் பெயர் வைத்தால் வெறும் / என்ற பாதையில் திறக்கும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சேவையகத்துக்குள் இருந்தபடியே கர்ல் கட்டளையால் 127.0.0.1:8080/நூலகம்/ என்ற முகவரியைக் கேளுங்கள். உங்கள் பக்கம் வர வேண்டும். வராவிட்டால் அப்பாச்சிக்கும் இந்தத் தவறுக்கும் சம்பந்தமே இல்லை, டாம்கேட்டின் கேட்டலினா லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

பழைய செயலியைக் கொண்டுவருபவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழுவார்கள். டாம்கேட் 10 முதல் ஜாவா தொகுப்புகளின் பெயர் 'ஜாவாக்ஸ்' என்பதிலிருந்து 'ஜக்கார்த்தா' என்று மாறிவிட்டது. டாம்கேட் 9-க்கு எழுதிய செயலியை அப்படியே வைத்தால், செர்வ்லெட் வகுப்பைக் காணவில்லை என்ற பிழை வரும். அப்பாச்சி அறக்கட்டளையே இதற்கென மாற்றும் கருவி ஒன்றைத் தருகிறது. வார் கோப்பை அதன் வழியே ஒருமுறை ஓட்டி எடுத்தால் பெரும்பாலும் போதும்.

இரண்டாம் படி: டாம்கேட்டை உள்ளே பூட்டுவது

டாம்கேட் நிறுவிய கையோடு 8080-இல் எல்லா முகவரியிலும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து யாரும் அப்பாச்சியைத் தாண்டி நேராக அதனிடம் வரக்கூடாது. செர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் 8080 போர்ட் உள்ள கனெக்டர் வரியைக் கண்டுபிடித்து, அதில் அட்ரஸ் என்ற பண்பைச் சேர்த்து 127.0.0.1 என்று கொடுங்கள். டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள். அப்புறம் எஸ்எஸ் கட்டளையால் எந்தப் போர்ட் எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஜாவா என்பதால் ::ffff: என்ற முன்னொட்டோடு 127.0.0.1 தெரியலாம். அது சரிதான், பயப்பட வேண்டாம்.

கிளவுட் சேவையகமானால் அதன் ஃபயர்வாலிலும் 80, 443 (எச்டிடிபிஎஸ் போர்ட்) ஆகியவற்றையும் உங்கள் எஸ்எஸ்எச் போர்ட்டையும் மட்டும் திறந்து வையுங்கள். "சும்மா சோதிக்கத்தான்" என்று 8080-ஐத் திறந்துவிட்டு மூட மறப்பவர்கள் ஏராளம். சோதிக்க வேண்டுமானால் உள்ளேயிருந்து கர்ல் போதும்.

மூன்றாம் படி: இணைப்பு

அப்பாச்சிக்குத் தேவையான மாட்யூல்கள் மூன்று: ப்ராக்ஸி, ப்ராக்ஸி_எச்டிடிபி, ஹெடர்ஸ். ஏ2என்மாட் கட்டளையால் அவற்றை இயக்குங்கள். முதலாவதை மட்டும் இயக்கிவிட்டு இரண்டாவதை மறந்தால், இணைப்பு வேலை செய்யாது, அப்பாச்சியின் லாக்கில் ஏஎச்01144 என்ற எண்ணோடு "ப்ரோட்டோகால் ஹேண்ட்லர் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

அடுத்து உங்கள் டொமைனுக்கான விர்ச்சுவல் ஹோஸ்ட் கோப்பு, அதாவது அந்தப் பெயரில் வரும் கோரிக்கைகளை என்ன செய்வது என்று அப்பாச்சிக்குச் சொல்லும் கோப்பு. டாட் மை பெயரை, அப்பெயர்களை நிர்வகிக்கும் மைநிக்கின் முகவர் வழியாக வாங்கினாலும் சரி, டாட் காம் ஆனாலும் சரி, அந்தப் பெயரின் ஏ பதிவு உங்கள் சேவையகத்தின் ஐபியைக் காட்டுகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கோப்புக்குள் 80-ஆம் போர்ட் பகுதியில், செர்வர்நேம் வரிக்குக் கீழே, இந்த மூன்று வரிகள் போதும்:

ப்ராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட் ஆன்
ப்ராக்ஸிபாஸ் /நூலகம் எச்டிடிபி://127.0.0.1:8080/நூலகம்
ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ் /நூலகம் எச்டிடிபி://127.0.0.1:8080/நூலகம்

ப்ராக்ஸிபாஸ் என்பது உள்ளே போகும் வழி. இந்தப் பாதையில் வரும் கோரிக்கையை அந்த முகவரிக்கு அனுப்பு என்கிறது. ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ் வெளியே வரும் வழி. டாம்கேட் "வேறு பக்கத்துக்குப் போ" என்று திருப்பிவிடும்போது பதிலின் ஹெடரில் உள்முகவரி இருந்தால் அதை வெளிமுகவரியாக மாற்றுகிறது. ஹெடரை மட்டுமே மாற்றும் என்பதைக் கவனியுங்கள். பக்கத்துக்குள் உங்கள் நிரல் எழுதிய முகவரிகளை அது தொடாது.

சாய்கோட்டில் மட்டும் கவனம் தேவை. இரண்டு பக்கமும் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் இருக்கக்கூடாது. இடப்பக்கம் /நூலகம்/ என்றும் வலப்பக்கம் சாய்கோடு இல்லாமலும் எழுதினால், /நூலகம்/தேடல் என்று வருவது டாம்கேட்டிடம் /நூலகம்தேடல் என்று போய்ச் சேரும். அப்படி ஒரு பக்கமே இல்லை, 404 வரும். சின்னப் புள்ளி போன்ற இந்தத் தவறு அரை நாளைத் தின்றுவிடும்.

இன்னொன்று. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். சில கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் என்பது ::1 என்ற ஐபி 6 முகவரியாக விரியும். டாம்கேட்டை 127.0.0.1-இல் பூட்டிவைத்தோம் அல்லவா, ::1-இல் அது கேட்காது.

ஏ2என்சைட் கட்டளையால் இந்தத் தளத்தை இயக்குங்கள். பிறகு அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட் கட்டளையை ஓட்டி 'சின்டாக்ஸ் ஓகே' என்று வந்த பிறகே அப்பாச்சியை ரீலோட் செய்யுங்கள். இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். அதே கணினியில் பள்ளியின் வலைத்தளமும் ஓடுகிறது, உங்கள் எழுத்துப்பிழையால் அதுவும் சேர்ந்து படுத்துவிடக்கூடாது.

ரெட் ஹாட், ராக்கி, அல்மா லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். எல்லாம் சரியாக எழுதியும் லாக்கில் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் அது எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கின் தடை. எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்ற அமைப்பை செட்எஸ்இபூல் கட்டளையால் நிரந்தரமாக ஆன் செய்யுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

நான்காம் படி: வெளியே என்ன நடக்கிறது என்று டாம்கேட்டுக்குச் சொல்வது

உலாவியில் பக்கம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். பாதி வேலை இனிமேல்தான்.

சான்றிதழிலிருந்து தொடங்குவோம். செர்ட்பாட் கருவியை அப்பாச்சிக்கான துணைக்கருவியோடு ஓட்டினால், லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழை வாங்கிப் பொருத்திவிடும், காலம் முடிவதற்குள் தானே புதுப்பித்தும்கொள்ளும். ஆனால் அது உங்கள் கோப்பை நகலெடுத்து, பெயரின் இறுதியில் எல்இ-எஸ்எஸ்எல் என்று சேர்த்து, 443-க்குத் தனியாக ஒரு கோப்பை உண்டாக்கும். இனி உங்கள் தளம் ஓடுவது அந்தப் புதுக் கோப்பிலிருந்துதான். பழைய கோப்பில் மாற்றிவிட்டு "ஒன்றுமே மாறவில்லையே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். பெற்றோரின் உலாவிக்கும் அப்பாச்சிக்கும் நடுவே பூட்டு இருக்கிறது. அப்பாச்சிக்கும் டாம்கேட்டுக்கும் நடுவே வெறும் எச்டிடிபி. ஆகவே பூட்டு இல்லை என்றே டாம்கேட் நினைக்கிறது. உங்கள் செயலி "பூட்டு இல்லாவிட்டால் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பு" என்று எழுதப்பட்டிருந்தால், ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்ஸில் இருப்பவரையும் திரும்பத் திரும்ப அங்கேயே அனுப்பும். கடைசியில் உலாவி சலித்துப்போய் நிறுத்திவிடும். இதைத் தீர்க்க, 443 பகுதிக்குள் இந்த வரியைச் சேருங்கள்:

ரிக்வெஸ்ட்ஹெடர் செட் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ "எச்டிடிபிஎஸ்"

கேட்டவரின் ஐபியை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடரில் அப்பாச்சி தானாகவே அனுப்புகிறது. ப்ரோட்டோவைத் தானாக அனுப்புவதில்லை, அதனால்தான் இந்த வரி.

அனுப்பினால் மட்டும் போதாது, டாம்கேட் அதை நம்பி ஏற்க வேண்டும். செர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஹோஸ்ட் பகுதிக்குள் ரிமோட்ஐபிவால்வ் என்ற வால்வைச் சேருங்கள் (வால்வ் என்பது கோரிக்கை செயலிக்குப் போகும் வழியில் இடையில் நிற்கும் துண்டு). அதில் ரிமோட்ஐபிஹெடர், ப்ரோட்டோகால்ஹெடர் என்ற இரண்டு பண்புகளுக்கும் மேலே சொன்ன ஹெடர் பெயர்களைக் கொடுங்கள். 127.0.0.1-இலிருந்து வருவதை இந்த வால்வ் இயல்பாகவே நம்பும். இதற்குப் பிறகு உங்கள் ஜாவா நிரல் "இது பாதுகாப்பான இணைப்பா?" என்று கேட்டால் ஆம் என்று பதில் வரும், கேட்டவரின் ஐபியும் உண்மையானதாக வரும். டாம்கேட்டின் அக்சஸ் லாக்கில் மட்டும் இன்னும் 127.0.0.1 என்றே பதிவாகும். அங்கேயும் உண்மையான ஐபி வேண்டுமானால், ஏற்கெனவே அதே கோப்பில் இருக்கும் அக்சஸ்லாக்வால்வ் வரியில் ரிக்வெஸ்ட்அட்ரிபியூட்ஸ்எனேபிள்ட் என்ற பண்பை ட்ரூ ஆக்குங்கள்.

ப்ராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட் எதற்கு என்று இப்போது புரியும். அது இல்லாவிட்டால் டாம்கேட்டுக்குக் கிடைக்கும் தளப் பெயர் 127.0.0.1:8080. ஆசிரியர் கடவுச்சொல்லை மறந்து மாற்றக் கேட்டால், அவருக்குப் போகும் மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பும் அந்த முகவரியாகவே இருக்கும். வீட்டிலிருந்து அதை அழுத்தினால் அவருடைய கணினியையே போய்க் கேட்கும்.

பாதையும் குக்கியும்

"முகவரியில் /நூலகம் என்று வருவது அழகாக இல்லை, வெறும் டொமைனில் திறக்க வேண்டும்" என்று தலைமையாசிரியர் கேட்பார். உடனே ப்ராக்ஸிபாஸ் வரியில் இடப்பக்கம் / என்றும் வலப்பக்கம் 8080/நூலகம்/ என்றும் எழுதத் தோன்றும். பக்கம் திறக்கும். ஆனால் உள்நுழைந்ததும் மறுபடி உள்நுழைவுப் பக்கமே வரும், எத்தனை முறை கடவுச்சொல் கொடுத்தாலும் அதே கதை.

டாம்கேட் ஜேசெஷன்ஐடி என்ற குக்கியைத் தரும்போது, "இது /நூலகம் என்ற பாதைக்கு மட்டும்" என்று சொல்லித் தருகிறது. உலாவியின் கண்ணில் அப்படி ஒரு பாதையே இல்லை. ஆகவே குக்கியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் டாம்கேட் உங்களைப் புது ஆளாகவே பார்க்கிறது. ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ்குக்கிபாத் என்ற வரியால் இதைத் திருத்தலாம். என்னைக் கேட்டால் அந்த வழிக்கே போக வேண்டாம். வார் கோப்பின் பெயரை ரூட் என்று மாற்றி, இரண்டு பக்கமும் / என்றே வைத்துவிடுங்கள். உள்பாதையும் வெளிப்பாதையும் ஒன்றாக இருந்தால் இந்த வகைச் சிக்கல் மொத்தமாக ஒழியும். படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் அப்பாச்சியே கொடுக்கட்டும் என்றால், அந்தப் பாதைக்கு ப்ராக்ஸிபாஸ் எழுதி முகவரிக்குப் பதில் ஆச்சரியக்குறி போடுங்கள். அந்த வரி பொதுவான வரிக்கு மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் மேலிருந்து கீழாகப் படித்து முதலில் பொருந்துவதையே அப்பாச்சி எடுத்துக்கொள்கிறது.

ஏஜேபி வேண்டுமா?

பழைய வழிகாட்டிகளில் மாட்_ஜேகே, வொர்க்கர்ஸ்.ப்ராப்பர்ட்டீஸ், 8009 போர்ட் என்றெல்லாம் இருக்கும். அது ஏஜேபி என்ற வேறொரு மொழியில் அப்பாச்சியும் டாம்கேட்டும் பேசும் முறை. கேட்டவரின் ஐபி, பூட்டு விவரம் எல்லாம் அதில் தானாகவே போய்விடும் என்பது அதன் நல்ல குணம். ஆனால் 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளிவந்தது. 8009 வெளியே திறந்திருந்தால், செயலிக்குள் இருக்கும் கோப்புகளை அந்நியர் படிக்க முடிந்தது. அதன் பிறகு வந்த பதிப்புகளில் ஏஜேபி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, இயக்கினாலும் ஒரு ரகசியச் சொல்லைக் கேட்கும். வேலைக்குச் சேரும் இடத்தில் ஏற்கெனவே ஏஜேபி ஓடிக்கொண்டிருந்தால், 8009 உள்ளே பூட்டப்பட்டிருக்கிறதா, ரகசியச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள், மற்றபடி அது பாட்டுக்கு ஓடட்டும். புதிதாகத் தொடங்குபவர் எச்டிடிபியையே எடுங்கள். கர்ல் ஒன்றை வைத்தே சோதிக்கலாம் என்பது கற்பவருக்குப் பெரிய வசதி.

பிழை வந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது

404 வந்தால் அது யாருடைய 404 என்று முதலில் பாருங்கள். டாம்கேட்டின் பிழைப் பக்கத்தில் 'எச்டிடிபி ஸ்டேட்டஸ் 404' என்று நீலப் பட்டையில் இருக்கும். அப்பாச்சியினுடையது வெறும் 'நாட் ஃபவுண்ட்'. டாம்கேட்டின் பக்கம் வந்தால் இணைப்பு நலம், பாதைதான் தவறு. அப்பாச்சியின் பக்கம் வந்தால் கோரிக்கை உள்ளேயே போகவில்லை.

503 என்றால் டாம்கேட் எழுந்திருக்கவில்லை, அல்லது போர்ட் தவறு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருமுறை இணைய முடியாமல் போனால், அடுத்த 60 விநாடிகளுக்கு அப்பாச்சி மறுபடி முயலாமலே 503 கொடுக்கும். டாம்கேட்டைத் தொடங்கிவிட்டீர்கள், கர்லில் வருகிறது, உலாவியில் வரவில்லை என்றால் இதுதான் காரணம். ப்ராக்ஸிபாஸ் வரியின் முடிவில் ரீட்ரை=5 என்று சேர்த்தால் ஐந்து விநாடியில் மறுபடி முயலும்.

502 அல்லது 504 என்றால் டாம்கேட் கோரிக்கையை வாங்கிக்கொண்டு சரியான பதிலைத் தரவில்லை, அல்லது தாமதிக்கிறது. அப்பாச்சியின் சொந்த இயல்பு 60 விநாடி பொறுப்பது, உபுண்டுவின் அமைப்புக் கோப்பு அதை 300 ஆக வைத்திருக்கிறது. நேரத்தை நீட்டுவது சுலபம், ஆனால் நூலகத் தேடலுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்றால் பார்க்க வேண்டியது தரவுத்தளக் கேள்வியை.

இரண்டு லாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இதெல்லாம் பிடிபடும். கிளவுட் சேவையகங்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் வருகின்றன, நம் நேரத்துக்கு எட்டு மணி பின்னால். டைம்டேட்சிடிஎல் கட்டளையால் ஆசியா/கோலா_லம்பூர் என்று மாற்றி, அப்பாச்சி, டாம்கேட் இரண்டையும் மறுபடி தொடங்குங்கள். காலை பத்து மணிக்கு ஆசிரியர் புகார் சொன்னால், லாக்கிலும் பத்து மணியைத் தேடலாம்.

தமிழில் தேடிப் பாருங்கள்

நம் செயலிகளுக்கு மட்டும் உரிய சோதனை இது, கண்டிப்பாகச் செய்யுங்கள். தேடல் பெட்டியில் தமிழில் ஒரு தலைப்பைத் தட்டுங்கள். டாம்கேட் 8 முதல் முகவரியில் வரும் எழுத்துகளை யுடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது. டாம்கேட் 7-இல் அப்படியில்லை, கனெக்டரில் யுஆர்ஐஎன்கோடிங் என்ற பண்பைச் சேர்த்தால்தான் தமிழ் சிதையாமல் வரும். படிவத்தில் போஸ்ட் முறையில் அனுப்புவது வேறு கதை. டாம்கேட் 10 அதற்கும் யுடிஎஃப்-8-ஐ இயல்பாக்கிவிட்டது, அதற்கு முந்தைய பதிப்புகளில் நீங்களே சொல்ல வேண்டும்.

முகவரியின் நீளத்தையும் கவனியுங்கள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிகிறது. 'நூலகம்' என்ற சொல் ஆறு குறி (உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்), முகவரியில் 54 எழுத்து. அப்பாச்சி ஒரு கோரிக்கை வரிக்கு 8190 பைட் வரை ஏற்கும். டாம்கேட்டோ வரி, ஹெடர், குக்கி எல்லாம் சேர்த்தே 8192 என்று இயல்பாகக் கணக்கு வைக்கிறது. ஆகவே நீண்ட குறிப்புரை ஒன்றைக் கெட் முறையில் அனுப்பினால் அப்பாச்சி விட்டாலும் டாம்கேட் 400 என்று திருப்பிவிடும். ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. நீளமான எதையும் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

கடைசியாகச் சேவையகத்தையே ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்கு முன் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் கட்டளையால் அப்பாச்சி2, டாம்கேட்10 இரண்டும் தாமாகத் தொடங்கும்படி செய்துவிடுங்கள். அப்பாச்சி சட்டென்று எழுந்துவிடும், டாம்கேட் செயலியை விரித்து ஏற்றக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதுவரை 503 வரும். இரண்டு நிமிடம் பொறுத்து, சேவையகத்துக்குள் எதையும் தொடாமல், உங்கள் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு முகவரியைத் திறந்து உள்நுழைந்து ஒரு புத்தகத்தைத் தேடுங்கள். அது வந்தால் தலைமையாசிரியரிடம் முகவரியைக் கொடுத்துவிடலாம்.